ஈபே தலைப்பில ‘யமஹா’ எண்டு கிடக்கு, சாமான் யமஹா இல்லை. எப்படிப் பிரிச்சறியிறது?

கொட்டியாரம்_15 கேட்டது:

அண்ணைமாருக்கு வணக்கம். வாடைக் காத்து ஓயிறதுக்குள்ள மீன்பிடிப் படகு எஞ்சினைக் கழட்டிப் பார்த்து முடிக்கவேணும். யமஹா 15 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக். தேவைப்படுறது தண்ணிப் பம்ப் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிராக்கத் தண்ணி தள்ளுற ரப்பர் சில்லு), கார்பரேட்டர் கிட், ரெண்டு பிளக். ஈபேயில தேடினால் ஒரே தலைப்புக்குள்ள யமஹா, சுசூக்கி, தொஹாட்சு, மேர்க்குரி, பார்சன் எண்டு ஊர்வலமே போகுது. உள்ளுக்குப் போனால் பிராண்ட் எண்ட இடத்தில ‘அன்பிராண்டட்’, கம்பெனிப் பேரில்லாதது எண்டு. மீன்பிடி ரீல் தேடினாலும் இதே கதைதான். ‘நாட் ஷிமானோ’, அதாவது ஷிமானோ கம்பெனிச் சாமான் இல்லை எண்டு தலைப்பிலேயே போட்டிருக்கினம். இல்லையெண்டால் அந்தப் பேர் அங்க என்னத்துக்கு?

அசல் சாமானை மட்டும் வடிச்செடுக்க வழி இருக்கோ? அசல் இல்லாட்டியும் பரவாயில்லை எண்டு வாங்கினால் எதைப் பார்த்து வாங்கிறது? இன்னொண்டு: நியோப்ரீன் துணியில ரீல் உறை தைச்சு ஈபேயில போடுற யோசனை இருக்கு. ரீல் கம்பெனிப் பேர் போடாமல் ஒருத்தர் கண்ணிலயும் படாது. எப்படிப் போட்டால் பிழை வராது?

வேனியர் எழுதியது:

தம்பி, முதல்ல பேரால தேடுறதை விடும். இலக்கத்தால தேடும்.

யமஹா பாகத்து இலக்கம் மூண்டு துண்டு. முதல் மூண்டு எழுத்து எஞ்சின் மாதிரி, நடுவில அஞ்சு அது என்ன பாகம் எண்டது, கடைசி ரெண்டு திருத்தம். 63வி-44352-01 எண்டால் 63வி மாதிரிக்கு வாற இம்பெல்லர். எந்த யமஹா அவுட்போட் (படகின்ர பின்பக்கம் கொளுவிற) எஞ்சினை எடுத்தாலும் இம்பெல்லருக்கு நடு இலக்கம் 44352 தான். தேர்மோஸ்டாட்டுக்கு 12411, முழுக் கார்பரேட்டருக்கு 14301. கிட்டாக வாறதுக்கு இலக்கத்துக்குப் பதிலா டபிள்யூ எண்ட எழுத்தில தொடங்கும்: தண்ணிப் பம்ப் கிட் டபிள்யூ0078, கார்பரேட்டர் கிட் டபிள்யூ0093. ஆயில் சீல், பேரிங், வாசர், சாவிக்கட்டை மாதிரிப் பொதுச் சாமானுக்கு மட்டும் 9இல தொடங்கிற இலக்கம், அதில எஞ்சின் மாதிரி இராது. கடைசி ரெண்டு இலக்கம் 00 இருந்து 01 ஆக மாறியிருந்தால் பயப்படவேண்டாம், பழசுக்குப் பதிலா வந்த புதுசு.

ஆனால் உம்மட எஞ்சின் 63வி தானோ எண்டு முதல்ல பாரும். 15 எண்டு ஒரே பேரில வந்த பழைய மாதிரிக்கு இம்பெல்லர் இலக்கம் 682இல தொடங்கும். எஞ்சினைப் படகில கொளுவிற பிடியில ஒரு தகடு இருக்கும், அதில மாதிரிக் குறி இருக்குது. உப்பில அரிச்சுத் தெரியாட்டி பழைய பாகத்திலேயே அச்சடிச்ச இலக்கத்தைத் தேடும்.

இனித் தேடுற விதம். ஈபேயில ரெண்டு விதமா எழுதுறவை: நடுவில கோடு போட்டும், போடாமல் ஒட்டியும். அதனால அடைப்புக்குறிக்குள்ள ரெண்டையும் காற்புள்ளி வைச்சு ஆங்கிலத்தில அடியும்: (63வி-44352, 63வி44352). அப்பிடி அடிச்சால் ரெண்டில ஒண்டு இருக்கிற எல்லாம் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால இடைவெளி விடாமல் கழித்தல் குறி: -சுசூக்கி. கன சொல்லைக் கழிக்கவேணும் எண்டால் -(சுசூக்கி, ஹொண்டா, ஸ்டைல்) எண்டு ஒண்டாவே போடலாம். விபரத்துக்குள்ளயும் தேடு எண்ட பெட்டியில சரி போட்டிருந்தால் எடுத்துவிடும். விபரத்தின்ர அடியில பத்துப் பதினைஞ்சு கம்பெனிப் பேரை வரிசையாக் கொட்டி வைக்கிறவை இருக்கினம், அந்தப் பெட்டி திறந்திருந்தால் அதெல்லாம் அள்ளுப்பட்டு வரும்.

இதில கனபேர் விடுற பிழை ஒண்டு: ‘ஃபோர்’ எண்ட சொல்லைக் கழிக்கிறது. ‘ஃபோர் யமஹா’ எண்டு போடுறவன், இது யமஹா இல்லை, யமஹாவுக்குப் பொருந்தும் எண்டு நேர்மையாச் சொல்லுறவன். அவனைக் கழிச்சால் மிஞ்சிறது ஆர்? வெறும் ‘யமஹா’ எண்டு போட்டு ஏமாத்திறவன்தான். அசலைப் பிரிக்க இடது பக்கத்தில இருக்கிற பிராண்ட் வடிகட்டியைப் பாவியும். அங்க ‘யமஹா’ வேற, ‘ஃபோர் யமஹா’ வேற, ‘அன்பிராண்டட்’ வேறயாத்தான் நிக்கும். அதையும் முழுக்க நம்பேலாது, விற்கிறவன் நிரப்பினதுதானே. ஆனால் தலைப்பில யமஹா, பிராண்ட் இடத்தில அன்பிராண்டட் எண்டு கிடந்தால் அந்தச் சாமான்ர கதை அதோட முடிஞ்சுது.

பிளக்குக்கு இவ்வளவு கரைச்சல் இல்லை. என்ஜிகே கம்பெனி பிளக்கின்ர குறியிலயே எல்லாம் இருக்கு. பி7ஹெச்எஸ்-10 எண்டால் பி 14 மில்லிமீற்றர் மரை, 7 வெப்ப எண், ஹெச் மரை நீளம் 12.7 மில்லிமீற்றர், எஸ் சாதாரண செம்பு நடு, 10 இடைவெளி 1 மில்லிமீற்றர். பிஆர் எண்டு வந்தால் உள்ளுக்கு ரெசிஸ்டர் இருக்கு. உம்மட கையேட்டில இருக்கிற குறியை அப்பிடியே அடியும். பிளக்கில மட்டும் ‘என்ஜிகே மாதிரி’ வாங்கவேண்டாம். மிச்சம் பிடிக்கிற காசுக்கு அந்தத் தலையிடி பெறுமதி இல்லை.

மூதூர்க்கரை எழுதியது:

வேனியர் நானா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். தலைப்பில பல பேர் இருந்தால் எல்லாமே பொய் எண்டில்லை. பார்சன், ஹைடியா ரெண்டும் யமஹா 15இன்ர வடிவத்தைப் பார்த்துச் செய்த சீன எஞ்சின்கள். ‘யமஹா பார்சன் ஹைடியா’ எண்டு ஒரே தலைப்பில வந்தால் நம்பலாம். சிறிய மேர்க்குரி எஞ்சின்கள் கனக்க தொஹாட்சு செய்து குடுத்தது, அதனால ‘தொஹாட்சு மேர்க்குரி’ எண்ட சோடியும் சரி. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் யமஹாவும் சுசூக்கியும் தொஹாட்சுவும் ஒரே இம்பெல்லர் தலைப்பில வந்தால் விட்டிட்டுப் போங்கோ. தண்டின்ர தடிப்பு வேற, சாவிக்காடி (தண்டோட பூட்டுற சாவிக்கட்டை இருக்கிற வெட்டு) வேற, இம்பெல்லர் இருக்கிற பம்ப் கோப்பையின்ர அளவும் வேற. ஒரு ரப்பர் மூண்டுக்கும் பொருந்தாது.

சொல்லுகளை இப்பிடி எடுங்கோ. ‘ஜெனுவின்’ எண்டால் அசல் எண்டு உறுதி சொல்லுறார், பொய் எண்டால் காசைத் திருப்பிக் கேக்க அந்தச் சொல்லே போதும். ‘ஃபோர்’, ‘ஃபிட்ஸ்’, ‘கம்பாட்டிபிள் வித்’ மூண்டும் பொருந்தும் எண்டது, அதுக்கு மேல ஒண்டுமில்லை. ‘ஓ.ஈ.எம்’ தான் பொல்லாத சொல்லு. அசல் கம்பெனிக்குச் செய்து குடுக்கிறவன் செய்த சாமான் எண்டது அதின்ர கருத்து. ஈபேயில அது ‘ஓ.ஈ.எம் நம்பர்’ எண்டு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அசலின்ர இலக்கம் தந்திருக்கு எண்டது மட்டும். ‘ஓ.ஈ.எம் குவாலிட்டி’ எண்டால் ஒண்டுமே இல்லை. ‘ஸ்டைல்’, ‘டைப்’, ‘லைக்’, ‘நாட்’ நாலும் தூண்டிலில குத்திற இரை.

‘நாட் ஷிமானோ’ எப்பிடி வேலை செய்யுது எண்டால், தேடுற இயந்திரத்துக்கு ‘நாட்’ எண்டது வெறும் ஒரு சொல்லு. ஷிமானோ எண்டு நீங்க அடிச்சால் அதுவும் வரும். பிடிபட்டால் ‘நான் இல்லை எண்டுதானே எழுதினன்’ எண்டு கையை விரிக்கலாம். அந்தச் சாட்டு ஈபே விதியில செல்லாது.

விலையிலயும் ஒரு விளையாட்டு. ஒரே பக்கத்தில பல தெரிவு வைச்சு, ஆகக் குறைஞ்ச தெரிவா ஒரு வாசரையோ ஸ்டிக்கரையோ போடுவினம். தேடினால் ‘கார்பரேட்டர் கிட்’ படத்துக்குக் கீழ வாசர் விலை தெரியும். விலைக் குறைவுப்படி அடுக்கிப் பார்த்தால் மேல வாறது கூடுதலா இதுகள்தான்.

இம்பெல்லர் கையில வந்தால் போட முதல் பழசைப் பக்கத்தில வைச்சு அளவுங்கோ. நடுவில இருக்கிற பித்தளைக் குழாயின்ர உள் விட்டம், சாவிக்காடியின்ர அகலம், ரப்பரின்ர உயரம். உயரம் கொஞ்சம் குறைஞ்சாலும் தகட்டுக்கும் ரப்பருக்கும் இடையால தண்ணி நழுவும், ஓட்டம் மெதுவான நேரம் பக்கத்தால பீச்சுற தண்ணி நூலாகிடும். மட்டமான சாமான்ல கூட வாற நோய் வேற: பித்தளையும் ரப்பரும் ஒட்டின இடம் விடும். தண்டோட பித்தளை சுத்தும், ரப்பர் நிண்டுடும். வெளியில பார்த்தால் இம்பெல்லர் முழுசாத்தான் இருக்கும், எஞ்சின் மட்டும் சூடேறும். ரப்பரை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சு பித்தளையைச் சாவிக்கட்டை போட்டுத் திருப்பிப் பாருங்கோ, அசைஞ்சால் குப்பைக்கு.

எங்கட குடாவில இன்னொரு விசயம். மகாவலி கொண்டுவந்து கொட்டுற மண்டித் தண்ணியில ஓடுற எஞ்சினுக்கு இம்பெல்லர் மட்டும் மாத்திப் பலனில்லை. கோப்பையும் அடித்தகடும் கோடு விழுந்து தேஞ்சிருக்கும். கிட்டா எடுங்கோ. போடேக்க கோப்பையின்ர உள்பக்கம் கொஞ்சம் கிரீஸ் பூசி, தண்டை மேலிருந்து பார்க்க மணிக்கூடு சுத்திற பக்கம் திருப்பித் திருப்பிக் கோப்பையை இறக்கினால் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடியும்.

சட்டப்பொத்தகம் எழுதியது:

விற்பனைப் பக்கத்தைக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் எழுதுகிறேன்.

ஈபேயில் இதற்குத் தனி விதி உண்டு. தேடலைத் திரித்தல் என்ற பெயரில் வரும். பொருளைச் செய்த நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு வணிகப் பெயர் தலைப்பில் வரக்கூடாது. ‘இன்னது போல’, ‘இன்ன பாணியில்’ என்ற ஒப்பீடும் கூடாது. விலக்கு ஒன்றே: துணைப்பொருளோ உதிரிப்பாகமோ ஆனால், ‘ஃபோர்’, ‘ஃபிட்ஸ்’, ‘கம்பாட்டிபிள் வித்’ என்ற சொல் முன்னால் வர, எதற்குப் பொருந்துமோ அதன் பெயரைப் போடலாம். விபரத்தில் சம்பந்தமில்லாத சொற்பட்டியல், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்த சொற்கள் இரண்டும் தடை. ‘அசலா என்று எனக்குத் தெரியாது, அதற்கு நான் பொறுப்பில்லை’ என்று எழுதுவதும் தடை. அது தப்பும் வழி என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அதுவே ஒரு மீறல்.

வணிகப் பெயரின் சொந்தக்காரர்களுக்கு ஈபேயில் வீரோ என்றொரு வழி இருக்கிறது. அவர்கள் முறையிட்டால் உங்கள் பட்டியல் முன்னறிவித்தல் இல்லாமலே இறங்கும். திரும்பத் திரும்ப நடந்தால் கணக்குக்கே ஆபத்து.

நமது இலங்கைச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிவு பெற்ற குறிக்குச் சொந்தக்காரருக்குத் தனியுரிமை கொடுக்கிறது. அடையாளம் காட்டவும் தகவல் சொல்லவும் மட்டும், பொருள் எங்கிருந்து வந்தது என்பதில் மக்களைக் குழப்பாமல், அந்தப் பெயரை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. ‘ஷிமானோ ரீலுக்குப் பொருந்தும் உறை’ இந்தப் பக்கம், ‘ஷிமானோ உறை’ அந்தப் பக்கம். போலிக் குறி குத்திய சாமானை வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கம் தடுத்து வைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர் குத்தாத, ‘ஃபோர் யமஹா’ என்ற நேர்மையான சாமானுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உள்நாட்டு விளம்பரத் தளத்திலோ கடையிலோ யாராவது இப்படித் திரித்து விற்றால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றும் நடத்தையும் பொய்யான எடுத்துரைப்பும் அதில் குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வெளிநாட்டு ஈபே விற்பனையாளருக்கு இது எட்டாது. அங்கே ஈபேயின் பணம் மீட்பு உத்தரவாதத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

அதன் கால எல்லை சாமான் கைக்கு வந்து 30 நாள். ‘விபரத்துக்கு மாறானது’ என்று திருப்பல் கோரிக்கை திறந்தால் விற்பவர் 3 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும்; தராவிட்டால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். இந்தக் காரணத்தில் திருப்பும் தபாற்செலவு விற்பவருடையது. வாங்கும் அன்றே தலைப்பு, படங்கள், பிராண்ட் என்ற இடம் மூன்றையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். வாங்குமுன் ஈபே செய்திப்பெட்டிக்குள்ளேயே ஒரு கேள்வி: ‘இது யமஹா செய்ததா? பையின் ஒட்டுத்தாள் தெரியப் படம் அனுப்ப முடியுமா?’ பதில் அங்கேயே பதிவாகி நிற்கும். வாட்ஸப்பில் வந்த பதிலை வைத்து வாதாடுவது கடினம்.

ஏலமாக இருந்தால் விலை கேட்குமுன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். கேட்ட விலையை மீளப்பெற மிகச் சில காரணங்களுக்கே இடம்: தொகையைப் பிழையாக அடித்தது, விபரம் கணிசமாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ளவே முடியாதது. கடைசி 12 மணித்தியாலத்துக்குள் கேட்ட விலையை, கேட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் மட்டுமே மீளப்பெறலாம். தலைப்பை நம்பிக் கேட்டேன், பிறகுதான் விபரம் வாசித்தேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

முறைப்பாடு செய்து பலனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 2010 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் டிஃபனி நகை நிறுவனம் ஈபேக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சொன்னது, தளத்தில் எங்கோ போலி இருக்கிறது என்று பொதுவாகத் தெரிந்திருப்பதால் மட்டும் தளம் பொறுப்பாகாது, குறிப்பிட்ட பட்டியலைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும் என்று. ஆகவே ‘உங்கள் தளம் முழுக்க ஏமாற்று’ என்று எழுதுவதில் காற்றுத்தான் போகும். அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே உள்ள முறைப்பாட்டு இணைப்பை அழுத்தி, அந்த ஒரு பொருள் இலக்கத்துக்கே அனுப்புங்கள்.

கொட்டியாரம்_15 எழுதியது:

பெரிய நன்றி. எஞ்சின் தகட்டைச் சுரண்டிப் பார்த்தன், 63வி தான். உறைக்கு இப்பிடித் தலைப்பு யோசிச்சு வைச்சிருந்தன், இது பிழை எண்டு இப்ப விளங்குது, எண்டாலும் எந்தளவுக்குப் பிழை எண்டு சொல்லுங்கோ: ‘ஷிமானோ ஸ்டெல்லா டாய்வா பென் அபு கார்சியா ஸ்டைல் ரீல் கவர் நியூ’.

மூதூர்க்கரை எழுதியது:

தம்பி, நல்லாத்தான் தூண்டில் போட்டிருக்கிறீங்க! ‘ஸ்டெல்லா’ ஷிமானோவின்ர ஆக விலை கூடின வரிசை. அதைத் தேடுறவன் ரீல் வாங்க வாறவன், உறை வாங்க வாறவன் இல்லை. வந்து பார்த்திட்டுப் போயிடுவான். ‘ஸ்டைல்’ நேரடி மீறல். நாலு கம்பெனிப் பேருக்கும் முன்னால ‘ஃபிட்ஸ்’ இல்லை. இவ்வளவுக்கும் உறை எந்தத் துணி, என்ன நிறம், எத்தனை சென்ரிமீற்றர் எண்டு ஒரு சொல்லும் இல்லை. உறை தேடுறவனுக்கு அதுதானே வேணும்.

ஈபே தலைப்புக்கு 80 எழுத்துத்தான் இடம். இதை ஆங்கிலத்தில அடிச்சுப் பாருங்கோ: ‘நியோப்ரீன் ஸ்பின்னிங் ரீல் கவர் ஃபிட்ஸ் ஷிமானோ டாய்வா 4000-5000 சைஸ் பிளாக் 16 × 12 சிஎம்’. இடைவெளியோட எண்ண 79 வரும். பிராண்ட் எண்ட இடத்தில ‘அன்பிராண்டட்’, இல்லையெண்டால் உங்கட சொந்தப் பேர். கம்பெனி லோகோ தெரியிற ரீலுக்கு உறை போட்டுப் படம் எடுத்தால் முதல் படமா வைக்காதேங்கோ. உறை மட்டும் தனிய, பக்கத்தில அடிமட்டம் வைச்சு எடுங்கோ.

பென்னை வேணுமெண்டுதான் விட்டனான். 4000 எண்ட இலக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு உடம்பு. டாய்வாவுக்குள்ளயே எல்டி வரிசையில வாற 4000, பழைய டாய்வா 4000ஐ விடச் சின்னன். பழைய 4000 வைச்சிருக்கிறவன் வாங்கி, உறை பூட்டுப்படாமல், ‘விபரத்துக்கு மாறு’ எண்டு திருப்பினால் தபாற்காசு உங்கட கையால போகும். அதனால உண்மையாப் போட்டுப் பார்த்த ரீல் மாதிரிகளை மட்டும் விபரத்தில எழுதுங்கோ. மிச்ச ஆக்களுக்கு அளவு: கைபிடியை மடிச்சு வைச்சு, ரீல் காலின்ர அடியிலிருந்து ஸ்பூல் விளிம்பு மட்டும் எத்தனை சென்ரிமீற்றர் வரைக்கும் கொள்ளும் எண்டு.

வேனியர் எழுதியது:

63வி எண்டால் வேலை லேசு. கார்பரேட்டர் கிட் எடுக்கேக்க ஒண்டு பாரும். பேரில்லாத கிட்டுகளின்ர படத்தில மிதவையும் ஊசியும் கிடக்கும், விபரத்தில ‘கேஸ்கட் மட்டும்’ எண்டு இருக்கும். உள்ளுக்கு என்னென்ன வருது எண்ட பட்டியல் இல்லாட்டி வாங்காதேயும். வந்ததும் ஊசியின்ர முனையை நகத்தால தடவிப் பாரும், மேடு பள்ளம் தட்டுப்பட்டால் பெற்றோல் நிக்காமல் வழியும், அதை எந்தத் திருகாணியைத் திருப்பியும் சரிப்படுத்தேலாது. பழைய ஊசி தேயாமல் இருந்தால் அதையே திருப்பிப் போட்டு, கேஸ்கட்டை மட்டும் புதுசாப் போடும்.